கத்தி தவறிய பிறகு

"ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது" என்று டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து சொல்கிறாரே, அந்த ஒரு வாக்கியத்துக்காக நம் வீடுகளில் எத்தனை பிரார்த்தனைகள், மஞ்சள் துணியில் முடிந்து வைத்த எத்தனை காசுகள்! அதைக் கேட்டதும் பாதிக் கவலை தீர்ந்துவிடுகிறது. பிளாஸ்கில் காப்பி வருகிறது. ஊருக்கெல்லாம் போன் போகிறது. தையல் பிரித்து, பத்தியச் சாப்பாடு முடிந்து, மறுபடி அடுப்படிக்கு வந்துவிட்டால் அந்த அத்தியாயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம்.

பெரும்பாலோருக்கு அப்படித்தான் முடிகிறது. அதற்காக நம் டாக்டர்களுக்கு எத்தனை நமஸ்காரம் செய்தாலும் தகும். ஆனால் சகோதரிகளே, இந்தக் கட்டுரை மற்றவர்களைப் பற்றியது. தையல் பிரித்த பிறகும் வலி பிரியாமல் தங்கிவிட்டவர்களைப் பற்றியது.

இவர்களுக்கு ஒரு விசித்திரமான கஷ்டம் உண்டு. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் நோயாளி, எல்லோரும் தாங்குவார்கள். ஆபரேஷனுக்குப் பின்னால் அவள் குணமானவள். குணமானவளுக்கு வலிக்கலாமா? வலிக்கிறது என்று சொன்னால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சிரிக்கிறார்கள். கொஞ்ச நாளில் அவளுக்கே தன் வலியின் மேல் சந்தேகம் வந்துவிடுகிறது.

என் பெரியம்மாவின் மூத்த பெண்ணுக்கு இது நேர்ந்தது. அவள் சிதம்பரத்தில் தெற்கு வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறாள். "என் பேரைப் போடாதே, டாக்டரம்மா பேரையும் போடாதே, மத்ததெல்லாம் எழுது. நாலு பேருக்குப் பிரயோஜனப்படட்டும்" என்பது அவளுடைய உத்தரவு. அந்த உத்தரவுப்படியே எழுதுகிறேன்.

நாலு தடவை சொன்ன வலி

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவக் கல்லூரி 1985-ல் ஏற்பட்டது. அந்த நாளிலிருந்து சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு ஜனங்கள் சிதம்பரம் வருகிறார்கள். எங்கள் அக்காவோ சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் போனாள். காரணம் மிகவும் எளிது. அவளுடைய இரண்டு பிரசவங்களையும் பார்த்த டாக்டரம்மா கடலூரில் இருந்தார். கைராசி என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கர்ப்பப்பையில் நார்க்கட்டி; மாதா மாதம் தாங்க முடியாத உதிரப்போக்கு. 2023 ஆனி மாதம் ஒரு நர்ஸிங் ஹோமில் டாக்டரம்மா கர்ப்பப்பையை எடுத்தார். ஏழாம் நாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். எட்டாம் நாளிலிருந்து இடது விலாவுக்குக் கீழே, முதுகோடு சேர்த்து யாரோ கயிறு கட்டி இழுப்பது போல ஒரு வலி.

வெள்ளாற்றுப் பாலத்தையும் பி. முட்லூரையும் தாண்டி, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் போகும் பஸ்ஸில் அவள் நாலு தடவை போனாள். ஒவ்வொரு குழியும் அவளுக்குத் தெரியும். முதல் தடவை, "வாயுவாக இருக்கும்" என்றார்கள். இரண்டாம் தடவை, "உள்தையல் ஆறும்போது அப்படித்தான் இழுக்கும்" என்றார்கள். மூன்றாம் தடவை, "இந்த வயசிலே மனசு சஞ்சலப்படும், நன்றாகத் தூங்குங்கள்" என்று தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் தடவை டாக்டரம்மாவைப் பார்க்கவே முடியவில்லை. உதவியாளர் பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரைகளை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் நடந்தன. கத்தரிக்காய் கொத்சு கிளறி முடிக்கும் வரை அவளால் நிற்க முடியவில்லை. சிதம்பரத்துக்காரிக்குக் கொத்சு கிளற முடியவில்லை என்றால் நிலைமை எப்படி என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் ஒரு நாள் குளிர்ஜுரம் தூக்கிப் போட்டது. பக்கத்துத் தெருவில் புதிதாக வைத்தியம் தொடங்கியிருந்த ஓர் இளம் டாக்டர், வலி எங்கே என்று விரலால் காட்டச் சொன்னார்; உடனே ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடது சிறுநீரகம் நீர் கோத்து வீங்கியிருந்தது.

உள்ளே நடந்தது என்ன?

சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு நீரைக் கொண்டு போகும் ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. நீளம் சுமார் 25 சென்டிமீட்டர். அது கர்ப்பப்பையின் வாய்க்குப் பக்கத்தில், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டு வரும் நாளத்துக்கு அடியில், வாய்க்காலுக்கு மேல் பாலம் போட்டது போலக் கடந்து செல்கிறது. கர்ப்பப்பையை எடுக்கும்போது அந்த ரத்த நாளத்தைக் கட்டித்தான் ஆக வேண்டும். ரத்தம் பெருகி இடம் தெரியாமல் போகும் சமயத்தில் போடும் தையலில் அடியிலிருக்கும் குழாயும் அகப்பட்டுக்கொள்வதுண்டு. அபூர்வம்தான், ஆனால் தேர்ந்த கைகளுக்கும் நேர்ந்திருக்கிறது. அக்காவுக்கும் அதுதான் நேர்ந்திருந்தது. குழாய் முழுதும் அடைபடவில்லை, மடங்கி நெரிபட்டிருந்தது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் நீடிக்கும் ஒவ்வொரு வலியும் யாரோ செய்த தவறு என்று எண்ணிவிடக் கூடாது. குடலிறக்கம், மார்பகம், சிசேரியன் போன்ற ஆபரேஷன்கள் சரியாகவே நடந்திருந்தாலும் நரம்புகள் பாதிக்கப்பட்டுச் சிலருக்கு வலி தங்கிவிடுகிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அதைத் தனி வியாதியாகவே மருத்துவ நூல்கள் கணக்கில் கொள்கின்றன. அதற்குத் தனிச் சிகிச்சையும் உண்டு. ஆகவே முதல் காரியம், குற்றவாளியைத் தேடுவதல்ல. வலியின் காரணத்தைத் தேடுவது. அதை முதலில் ஆபரேஷன் செய்தவரிடமும், அவர் பதில் திருப்தி தராவிட்டால் சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரிடமும் தேடுவதுதான் விவேகம்.

அக்காவுக்குச் சிதம்பரத்திலேயே இரண்டாவது ஆபரேஷன் நடந்தது. நெரிபட்ட இடத்தை நீக்கி, குழாயை மூத்திரப்பையில் புதிதாக இணைத்தார்கள். சிறுநீரகம் தப்பியது. ஆனால் நாலு மாதம் திணறிய உறுப்பு பழைய பலத்தைப் பெறவில்லை. இன்றைக்கும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் அந்த இடத்தில் வலி வருகிறது.

வீட்டு மந்திராலோசனை

அப்புறம் ஆரம்பித்தது வீட்டிலே மந்திராலோசனை. அத்தான் கொதித்துப் போனார். "போலீஸிலே எழுதிக் கொடுத்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் மறு வேலை" என்றார். பெரியம்மா, "நம்ம கிரகசாரம், யாரை நொந்து என்ன?" என்றாள். அக்காவின் மாமியார், "இரண்டு குழந்தையை உசிரோட கையிலே கொடுத்த மகராசி. அவ மேலே கேஸ் போட்டா அடுக்குமா?" என்றார். எதிர் வீட்டு அம்மாள், "நாளைக்கு ஒரு அவசரம்னா எந்த டாக்டர் உங்களைத் தொடுவார்?" என்று பயமுறுத்திவிட்டுப் போனாள்.

பத்திரிகைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கிறவள் என்பதால் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போய் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: "எல்லாரும் என்ன பண்ணணும்னு சொல்றாங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கலையே, ஏண்டி?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடியபோது ஒரு பழைய ஆராய்ச்சி அகப்பட்டது. 1994-ல் 'லான்செட்' என்னும் பிரபல மருத்துவப் பத்திரிகையில் வந்தது. இங்கிலாந்தில் டாக்டர்கள் மேல் சட்ட நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்த 227 நோயாளிகளையும் உறவினர்களையும், "ஏன் இதில் இறங்கினீர்கள்?" என்று விசாரித்திருக்கிறார்கள். பதில்கள் நாலு வகையாகப் பிரிந்தன. இப்படி இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பது ஒன்று. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தெரிய வேண்டும் என்பது இரண்டாவது. நஷ்டத்துக்கு ஈடு வேண்டும் என்பது மூன்றாவது. செய்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது நாலாவது. பணம் நாலில் ஒன்றுதான், பார்த்தீர்களா!

அக்காவிடம் நாலையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவள் வெகு நேரம் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொட்டாள். "முதல்லே என்ன நடந்துதுன்னு அவங்க வாயாலே சொல்லணும்" என்றாள்.

பால் கணக்கு நோட்டு

நடந்ததை அறியக் காகிதம் வேண்டும். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து ஒழுங்கு விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவரின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருஷம் பாதுகாத்து வைக்க வேண்டும். நோயாளியோ அவருடைய அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இது சலுகையல்ல, உரிமை. அரசாங்க ஆஸ்பத்திரியாக இருந்தால் 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது. ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, நர்ஸ்களின் குறிப்பு, நாம் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரம் ஆகிய எல்லாவற்றையும் கேட்க வேண்டும்.

மார்கழியில் அக்கா ரிஜிஸ்தர் தபாலில் கடிதம் அனுப்பினாள். அதில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. மூன்று வரி வேண்டுகோள்தான். நகல்கள் வந்தன. ஆபரேஷன் குறிப்பில், இடது பக்கம் ரத்தப்பெருக்கு அதிகமாயிருந்ததால் கூடுதல் தையல் போடப்பட்டது என்று ஒரு வரி இருந்தது.

அதைவிடப் பெரிய சாட்சி அவளுடைய சமையலறையிலேயே இருந்தது. பால் கணக்கு நோட்டின் ஓரத்தில், "இன்று ஜுரம்", "ராத்திரி தூக்கமில்லை", "கடலூர் போனேன், வாயு என்றார்கள்" என்றெல்லாம் தேதி வாரியாகக் குறித்து வைத்திருந்தாள். மருந்துக் கடை பில்கள் பிஸ்கோத்து டப்பாவில் பத்திரமாக இருந்தன.

இந்த நோட்டின் மதிப்பு என்ன என்பதை ஒரு வழக்கு சொல்லும். கோவாவில் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவருக்கு 1993-ல் பம்பாயில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு வலி. மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஒன்பது வருஷம் ஓட்டிவிட்டார். 2002-ல் வேறோர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தபோது உள்ளே காஸ் துணி இருந்தது. 2004-ல் புகார் கொடுத்தார். 2010 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் புகாரைக் காலம் கடந்தது என்று தள்ளிவிட்டது. ஆபரேஷனுக்குப் பின் இத்தனை காலம் வலித்தும், விவேகமுள்ள எவரும் செய்வது போல அவர் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். நர்ஸாக இருந்தும் அதைச் செய்யவில்லை என்பது கோர்ட்டாரின் எண்ணம்.

படித்துவிட்டு எனக்கு மனசு ஆறவில்லை. துணியை உள்ளே வைத்தது அவரா? ஆனாலும் சட்டம் அவருடைய மௌனத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெரிய குணமாக நமக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். கோர்ட்டில் அந்தக் குணத்துக்கு மதிப்பில்லை.

எங்கள் கடலூர் ஜில்லாவில் வலியைப் பற்றிய பழைய கதை ஒன்று உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். கெடில நதிக்கரையில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. அங்கே வாழ்ந்த திலகவதியாரின் தம்பிக்குச் சூலைநோய் கண்டது. மருந்தும் மந்திரமும் பலிக்கவில்லை. அவர் முதலில் என்ன செய்தார்? சமையற்காரரைத் தமக்கையிடம் அனுப்பித் தன் வேதனையைச் சொல்லச் சொன்னார். பிறகு இரவோடிரவாகத் தாமே அவளிடம் போய்ச் சேர்ந்தார். அப்பர் பெருமானே தம் வலியை மறைக்கவில்லை. நம்பக் கூடிய ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். நாம் ஏன் மறைக்க வேண்டும்?

டாக்டரம்மாவின் அறையில்

2024 தை மாதம் அக்காவும் நானும் கடலூர் போனோம். அத்தானை அழைத்துப் போகவில்லை. அவர் கோபம் காரியத்தைக் கெடுத்துவிடும் என்பது அக்காவின் தீர்மானம். டாக்டரம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஸ்கேன் படத்தையும் இரண்டாவது ஆபரேஷன் குறிப்பையும் நிதானமாகப் படித்தார். முகம் வாடிப் போயிற்று.

"அன்னிக்கு ரத்தம் நிக்கவே இல்லை. உங்க உசிரைக் காப்பாத்தற அவசரம். அந்தத் தையல்லே குழாயும் மாட்டியிருக்கணும்" என்றார்.

"அது எனக்குப் புரியுது, டாக்டர். உங்களை நான் தப்பாவே நினைக்கலை" என்றாள் அக்கா. "நாலு தடவை வந்து வலிக்குதுன்னு சொன்னேனே, அப்ப ஏன் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாக்கலை?"

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

வாசகர்களே, இந்த விஷயத்தின் உயிர்நிலை அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. தையல் தவறியது ஒரு நிமிஷம். காது கொடுக்காதது நாலு மாதம். முதலாவது, நெருக்கடியில் யாருடைய கைக்கும் நேரக் கூடியது. இரண்டாவது, பக்கத்துத் தெரு இளம் டாக்டர் செய்தது போல, விரலால் காட்டச் சொல்லியிருந்தால் நேர்ந்திருக்காது. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. பலன் கெட்டுப் போனதனால் மட்டும் ஒரு டாக்டர் கவனக் குறைவானவர் ஆகிவிட மாட்டார்; சாதாரணத் திறமையுள்ள டாக்டர் ஒருவர் அந்தச் சூழ்நிலையில் எடுத்துக்கொள்ளும் அக்கறையை அவர் எடுத்துக்கொண்டாரா என்பதுதான் கேள்வி.

அக்கா இரண்டு கோரிக்கைகள் வைத்தாள். நடந்ததை எழுத்தில் தர வேண்டும். இரண்டாவது ஆபரேஷன் செலவைத் தர வேண்டும். "யோசித்துச் சொல்கிறேன்" என்றார் டாக்டரம்மா. சில மாதங்கள் கழித்து ஒரு மத்தியஸ்தர் வந்தார். பணம் தருவார்கள், ஆனால் சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை என்று அக்கா கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

பணத்துக்கு அவசியம் இல்லாத வீடல்ல அது. இரண்டாவது ஆபரேஷனுக்கு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருந்தன. அன்று ராத்திரி அக்கா தூங்கவில்லை. காலையில் எனக்குப் போன் செய்தாள். "பணம் வாங்கறதிலே வெக்கம் ஒண்ணுமில்லடி. ஆனா வலிக்கலைன்னு நானே கையெழுத்துப் போட்டுட்டு, அப்புறம் ராத்திரி வலிக்கறப்போ நான் யார்கிட்டே சொல்லுவேன்?" என்றாள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

போலீஸ் என்றார் அத்தான். வக்கீல் ஒருவர் அதை வேண்டாமென்று தடுத்தார். 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த தீர்ப்பின்படி, ஒரு டாக்டரைக் கிரிமினல் குற்றவாளியாக்கச் சாதாரணக் கவனக் குறைவு போதாது. மிக மோசமான அசட்டையாக இருக்க வேண்டும். போலீஸார் மேலே போகுமுன் சம்பந்தமில்லாத வேறொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் பெற வேண்டும். தொழில் ஒழுங்கு பற்றிய புகார் என்றால் சென்னையிலுள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். அது விசாரித்து எச்சரிக்கலாம், பதிவுப் புத்தகத்திலிருந்து பெயரை நீக்கி வைக்கலாம். ஆனால் நஷ்டஈடு வாங்கித் தராது.

நஷ்டஈட்டுக்கு நுகர்வோர் சட்டம். 1986-ல் அது வந்தபோது டாக்டர்களுக்குப் பொருந்துமா என்று பெரிய சர்ச்சை நடந்தது. 1994-ல் நம் சென்னை ஐகோர்ட்டு பொருந்தாது என்றது. 1995 நவம்பர் 13-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியத்துக்குப் பொருந்தும் என்று முடிவு கட்டியது. சிலரிடம் பணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியானால், இலவசமாகப் பெற்றவரும் புகார் செய்யலாம்.

எல்லோருக்கும் இலவசமான அரசாங்க ஆஸ்பத்திரி அந்தச் சட்டத்துக்குள் வராது. அதனால் அங்கே கேள்வி முறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1963-ல் ஔரங்காபாத் அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பின் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண் ஒருத்தியின் வயிற்றில் துணியை வைத்துத் தைத்துவிட்டார்கள். அவள் இறந்து போனாள். கணவர் சிவில் வழக்குப் போட்டார். 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அரசாங்கமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. முப்பத்து மூன்று வருஷம்! நியாயம் வந்தது, எப்போது வந்தது என்பதையும் பாருங்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ம் வருஷத்துச் சட்டம். 2020 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. புகாரை இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம்; அதை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 50 லட்ச ரூபாய் வரையில் என்றால் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். 5 லட்சம் வரையில் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, நாமே வாதாடலாம். சென்னையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்.

அக்காவின் தீர்மானம்

2025 தை மாதம் அக்கா கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தாள். மனுவை அவளே சொல்ல நான் எழுதினேன். அதில் தையலைப் பற்றிக் குற்றம் சாட்டவில்லை. "நாலு முறை வலியென்று சொல்லியும் பரிசோதிக்கவில்லை" என்பதுதான் புகார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. எப்படி முடியும் என்று எனக்குத் தெரியாது. ஜெயிப்போம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

மாமியார் மனசு கஷ்டப்பட்டது. "மகராசி மேலே கேஸ் போட்டுட்டியேம்மா" என்றார். அதற்கு அக்கா சொன்னாள்: "அத்தை, அவங்க கையைத் தைச்ச அன்னிக்கே மன்னிச்சுட்டேன். காதுக்காகத்தான் கேஸ். நாளைக்கு இன்னொருத்தி போய் வலிக்குதுன்னா அவங்க கேக்கணும்." மாமியார் பதில் பேசவில்லை. ஆனால் அடுத்த வாய்தாவுக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

மன்னிப்பதா, கேட்பதா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இரண்டையும் ஒரே மனசு செய்யலாம் என்று அக்கா காட்டிவிட்டாள். டாக்டர்களுக்கும் அது நன்மைதான். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளில் 2001 முதல் ஒரு வழக்கம் கொண்டு வந்தார்கள். தவறு நேர்ந்தால் மறைக்காமல் நோயாளியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, ஈடும் கொடுப்பது. வழக்குகள் பெருகும் என்று பயந்தார்கள், குறைந்தன! 2008-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஆபரேஷன் அறைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வகுத்தது. நோயாளியை வெளியே கொண்டு போகுமுன் கருவிகளையும் பஞ்சுகளையும் ஊசிகளையும் எண்ணிச் சரிபார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். புது டில்லி உள்பட உலகில் எட்டு நகரங்களில் செய்து பார்த்தபோது, ஆபரேஷனுக்குப் பின் நேரும் மரணம் நூற்றுக்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆகக் குறைந்ததென்று 2009-ல் பிரசுரித்தார்கள். யாரோ ஒருவர் "எங்கே தவறியது?" என்று விடாமல் கேட்டதன் பலன்தான் இவையெல்லாம்.

ஆகவே சகோதரிகளே, உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ ஆபரேஷனுக்குப் பின் வலி தங்கினால், முதலில் உடம்பைப் பாருங்கள். காரணத்தைக் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் செய்தவரிடம் போய்ச் சொல்லுங்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள். காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு ஒரு நாள் தனியாக உட்கார்ந்து, "எனக்கு என்ன வேண்டும்?" என்று உங்களையே கேளுங்கள். விளக்கமா, பணமா, பொறுப்பா, இன்னொருத்திக்கு நேராமல் தடுப்பதா? பதில் எதுவானாலும் அது உங்களுடையதாக இருக்கட்டும். ஒன்றும் வேண்டாம், நிம்மதிதான் வேண்டும் என்று முடிவு செய்தாலும் அதில் குறைவில்லை, யோசித்துச் செய்த முடிவாக இருந்தால்.

அதற்கு வேண்டிய முதலீடு அதிகமில்லை. ஒரு நோட்டும் ஒரு பென்சிலும். பால் கணக்கு எழுதும் நோட்டாக இருந்தாலும் பரவாயில்லை; பாலுக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறவர்கள் வலிக்கும் கணக்கு வைத்துக்கொள்ளலாம்.